கொட்டை எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை

“எழுத்து இன்னும் கொஞ்சம் மொத்தமா வரட்டும் தம்பி, ரோட்டால போற சனத்துக்குத் தெரியணும்.” மட்டக்களப்பு நகரிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ ஓர் அச்சகத்துக் கணினிக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றால் இந்தக் கோரிக்கை காதில் விழும். கோயில் விஞ்ஞாபனமோ, மரண அறிவித்தலோ, கடைத் திறப்பு நோட்டீஸோ, கேட்பது கொட்டை எழுத்துத்தான். அதுவும் ஒரே மாதிரித் தடித்த கோடாக இருந்தால் திருப்தி இல்லை. தடிப்பும் மெலிவும் மாறி ஓட வேண்டும், நுனிகளில் சிறு பாதம் இருக்க வேண்டும், பழைய புத்தகத் தலைப்பின் சாயல் தெரிய வேண்டும். செரிஃப் என்று சொல்லப்படும் வகை அது. சுவாமியின் பெயருக்கும் காலமான ஒரு பெரியவரின் பெயருக்கும் அந்த எழுத்தில் ஒரு கனம் இருக்கிறது என்று சனம் நினைப்பது சரியான நினைப்பு.

கோளாறு அதற்குப் பிறகுதான் வருகிறது. கணினியில் இருக்கிற எழுத்துருவைத் தெரிவுசெய்து, தடிப்புப் பொத்தானை அழுத்தி, போதாவிட்டால் சுற்றிவர ஒரு அவுட்லைனும் (விளிம்புக் கோடும்) கொடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரையில் பெருப்பித்துப் பார்க்கும்போது குறை தெரியாது. கடதாசியில் வந்தால் ‘ஐ’யின் சுழி அடைந்து கறுப்புக் கட்டியாக நிற்கும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு தெரியாது. ‘தேர்த் திருவிழா’வில் கொம்பின் மேற்சுழி அடைபட்டு ‘தெர்’ என்று நிற்கும். தடித்த எழுத்து தூரத்திலிருந்து வாசிக்கப்படுவதற்காகப் போடப்படுவது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எழுத்தை எழுத்தாகக் காட்டுவது சுழிக்குள் மிஞ்சியிருக்கும் வெள்ளை. ஆகவே இங்கே அளக்க வேண்டியது அந்த வெள்ளையைத்தான்.

‘இ’ என்ற ஒரே எழுத்து

அடிமட்டத்தை எடுத்து, பெரிதாக அச்சிட்ட ஒரு ‘இ’யின் மேல் வையுங்கள். சுழி இருக்கும் இடத்தின் ஊடாக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால், அது எழுத்தின் வரையை, அதாவது எழுத்தை ஆக்கும் கோட்டை, நான்கு தடவை வெட்டும்: மேல் வளைவு, சுழியின் மேற்புறம், சுழியின் கீழ்ப்புறம், அடிக்கோடு. இந்த நான்குக்கும் இடையில் மூன்று வெள்ளை இடங்கள்.

‘ப’வின் உயரத்தை 100 பங்கு என்று வைப்போம். வாசிப்புக்கான சாதாரண எழுத்தில் வரையின் தடிப்பு 10 முதல் 12 பங்கு. 11 என்றால் நான்கு வரைகளுக்கும் 44 போய்விடும், மீதி 56. மூன்று வெள்ளைகளுக்கும் ஆளுக்கு 18 பங்குக்கு மேல் கிடைக்கும். தடித்த எழுத்துக்கு வரையை 20 ஆக்கினால் நான்கு வரைகளே 80 பங்கைச் சாப்பிட்டுவிடும். மிஞ்சிய 20ஐ மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 7 பங்குகூட இல்லை. 12 புள்ளி (பொயின்ட்) அளவில் ‘ப’வின் உயரம் ஏறத்தாழ 2.1 மில்லிமீட்டர், அதில் 7 பங்கு என்பது 0.15 மில்லிமீட்டருக்கும் குறைவு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பொட்டு) லேசர் பிரிண்டரில் மூன்று பொட்டு அகலம். பூச்சில்லாத கடதாசியில் மை சற்றே பரவினாலும் அந்த இடம் மூடிக்கொள்ளும்.

இதற்கு விடை ஒரு எழுத்துக்குள்ளேயே இரண்டு தடிப்புகள் வைப்பது. வெளி வரைகள் 20 பங்கில் இருக்கட்டும், சுழியின் இரண்டு வரைகளும் 13க்கு இறங்கட்டும். 20, 13, 13, 20 என்று கூட்டினால் 66. மீதி 34, வெள்ளை ஒன்றுக்கு 11க்கு மேல். கண்ணுக்கு எழுத்து இன்னும் கறுப்பாகவே தெரியும், ஏனென்றால் கண் முதலில் பிடிப்பது வெளி வரையை. சுழியை மெலிவித்தது தெரியவே தெரியாது. நல்ல தடித்த எழுத்துரு எதையும் பெருப்பித்துப் பார்த்தால் இந்த உள்மெலிவு இருக்கும். ஐ, ஞ, ஜ, ஷ, ணை எல்லாவற்றிலும் இருக்கும். அதோடு எழுத்தின் அகலமும் சாதாரண எழுத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். ‘ண’வின் மூன்று சுழியும் தனித்தனியே மூச்சு விட அந்த அகலம் தேவை. மூன்று சுழியை இரண்டு சுழி எழுத்தின் அகலத்துக்குள் திணித்த எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைப்புக்கு எடுக்க வேண்டாம்.

‘ப’, ‘ட’ போன்ற திறந்த எழுத்துகளுக்கு இந்தக் கவலை இல்லை. ‘ட’வை 26 பங்கு வரைக்கும் தடிக்கலாம். தமிழில் தடித்த எழுத்து வரைவதன் சிரமமே இதுதான்: ‘ட’வும் ‘ஐ’யும் ஒரே வரியில் பக்கத்தில் நிற்க வேண்டும், இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரியவும் வேண்டும். ‘ட’ தாங்கும் அளவுக்குத் தடித்தால் ‘ஐ’ சாகும். ‘ஐ’க்குப் பொருந்த மெலிவித்தால் ‘ட’ சோர்ந்து தெரியும். 18க்கும் 22க்கும் இடையில் வெளி வரையை நிறுத்துவதுதான் ஈடேறும் வழி. 24ஐத் தாண்டிய எழுத்துரு மிகப் பெரிய அளவுகளுக்கு மட்டுமே.

பொத்தானால் வரும் தடிப்பு

எழுத்துருக் கோப்போடு தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருந்தால் பொத்தான் அதை எடுத்துத் தரும். இல்லாவிட்டால் மென்பொருளே எழுத்தின் விளிம்பைச் சுற்றிவரக் கொஞ்சம் ஊதிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. டிரோ தமிழ் என்ற இலவச எழுத்துரு நூல் வாசிப்புக்கு அருமையானது, மரபான தடிப்பு–மெலிவு உள்ளது. ஆனால் அதில் சாதாரண வடிவமும் சாய்வு வடிவமும் மட்டுமே உண்டு. அதைத் தடித்தால் கிடைப்பது ஊதிய எழுத்து. நோட்டோ செரிஃப் தமிழில் 100 முதல் 900 வரை ஒன்பது தடிப்புகள் வரையப்பட்டே இருக்கின்றன. மைக்ரோசொஃப்டின் விஜயாவிலும் தடித்த வடிவம் தனிக் கோப்பாக உண்டு. ஆனால் விண்டோஸ் 10இலிருந்து தமிழ் மேலதிக எழுத்துருத் தொகுப்பை நிறுவினால்தான் அது பட்டியலில் வரும்.

ஊதுவதால் கெடுவது இரண்டு. சுழி அடைவது ஒன்று, அதைப் பார்த்துவிட்டோம். மற்றது தடிப்பு–மெலிவு விகிதம் போய்விடுவது. ஓர் எழுத்தில் மெலிந்த வரை 8 பங்கு, தடித்த வரை 16 பங்கு என்றால் விகிதம் ஒன்றுக்கு இரண்டு. இரண்டிலும் சமமாக 8ஐக் கூட்டினால் 16க்கு 24, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. மரபான எழுத்தின் அழகு அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் அந்த அழகைக் கேட்டு வந்தார், கொடுத்ததோ களிமண்ணில் உருட்டியது மாதிரி.

கோரல் ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருளில் அவுட்லைன் கொடுத்துத் தடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0.5 புள்ளி அவுட்லைன் கொடுத்தால் பாதி வெளியே போகும், பாதி எழுத்துக்குள்ளே வரும். சுழியின் இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வருவதால் உள்வெள்ளையில் முழு 0.5 புள்ளி, கிட்டத்தட்ட 0.18 மில்லிமீட்டர், குறைந்துவிடும். கறுப்பு எழுத்துக்கு மஞ்சள் கரை போன்ற வேறு நிறக் கரை தேவைப்படும் இடத்தில் அவுட்லைனை ‘பிஹைண்ட் ஃபில்’ என்று எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள், மூலைகளை உருண்டையாக வையுங்கள். கூர்மூலையாக விட்டால் ‘ச’, ‘க’ போன்றவற்றின் முனைகளில் முள் முளைக்கும். அப்போதும் கரைநிறம் சுழிக்குள் இறங்கத்தான் செய்யும். எனவே கரை போட நினைத்தால் ஒரு படி மெலிந்த எழுத்தை எடுப்பது நல்லது.

நீள்சொல் அடங்கவில்லை என்று பக்கவாட்டில் நெரிப்பதும் இதே இனம். ‘சித்திரவேலாயுத’ என்பது ஏ4 அகலத்துக்குள் 72 புள்ளியில் வராது, உண்மைதான். 70 சதவீதத்துக்கு நெரித்தால் 20 பங்கு நிமிர்வரை 14 ஆகிவிடும், படுவரை பழைய அளவிலேயே நிற்கும். நிமிர்ந்தது மெலிந்து படுத்தது தடித்து, எழுத்தின் இயல்பே தலைகீழாகும். 90 சதவீதம் வரைக்கும் கண் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வேண்டுமானால் அளவைக் குறையுங்கள், அல்லது பெயரை இரண்டு வரியாக உடையுங்கள். இரண்டு வரியாக உடைத்தால் வரி இடைவெளி எழுத்தளவின் 125 சதவீதமாவது வேண்டும். மேல்வரி ‘ழு’, ‘கு’வின் கீழ்ச்சுற்றும் கீழ்வரி ‘தீ’, ‘ஸ்ரீ’யின் மேற்சுழியும் முட்டிக்கொள்வது தமிழுக்கே உரிய தொல்லை.

பாதம் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது

லத்தீன் எழுத்தில் பாதம் எங்கே வந்தாலும் பொருள் மாறாது. தமிழில் மாறும். ‘கா’வில் வரும் காலையும் ‘ர’வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள ஒரே வேறுபாடு ‘ர’வின் அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறு கீற்றுத்தான். லத்தீன் பழக்கத்தில் காலின் அடியில் ஒரு பாதம் வைத்தால் ‘பாரதி’ ‘பரரதி’ ஆகிவிடும், ‘ராசா’ ‘ரரசர’ ஆகிவிடும். பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றையும் கீற்று இல்லாமல் கால் வடிவத்திலேயே போட்டார்கள். மேலே புள்ளியோ விசிறியோ (இகர, ஈகாரக் குறி) இருப்பதால் குழப்பம் வராது. தனி ‘ர’வுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

‘எ’வும் ‘ஏ’யும் இப்படித்தான். அடியில் சாய்ந்த ஒரு கோடுதான் நெடிலைக் குறிலிலிருந்து பிரிக்கிறது. ஓலைச்சுவடிகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படவே இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எ–ஏ, ஒ–ஓ வடிவங்களைத் தெளிவாகப் பிரித்த சீர்திருத்தத்தை வீரமாமுனிவரின் பெயரோடு சொல்வது வழக்கம். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை ஒரு அலங்காரப் பாதம் கெடுத்துவிடக் கூடாது. ஆகவே, கீழே முடியும் நிமிர்வரைகளில் பாதமே வேண்டாம். நேராக வெட்டி விடுங்கள். பாதத்தின் சுவையை மேல் நுனிகளில் கொண்டுவரலாம்: ப, ம, ய, ட தொடங்கும் இடத்தில் ஆப்பு வடிவில் இடப்பக்கம் சற்றே அகன்று, சாய்வாக வெட்டிய நுனி. அதுவே தமிழுக்குப் பொருத்தமான செரிஃப். ‘ர’வின் கீற்றும் ‘ஏ’யின் கோடும் வரைத் தடிப்பைப்போல ஒன்றரை மடங்கு நீளமாவது நீண்டிருக்க வேண்டும். தடித்த வடிவத்தில் அது குறுகிப்போய் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஓர் அளவு உண்டு. அதன் விட்டம் நிமிர்வரையின் தடிப்புக்குச் சமமாகவோ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவோ இருக்கட்டும். எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவே அந்த விட்டத்தில் பாதியாவது வெள்ளை இருக்கட்டும். புள்ளி பெருத்தால் வரியின் மேல் கறுப்பு மழை பெய்தது மாதிரி தெரியும், தமிழில் புள்ளி அவ்வளவு அடிக்கடி வருகிறது. சிறுத்தால் முதல் ஆளாக அதுதான் காணாமற்போகும்.

ஆங்கிலத்துக்குத் துணை தேடும்போது

1845இல் லண்டனின் ஃபான் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பகத்தில் ரொபர்ட் பெஸ்லி கிளாரெண்டன் என்ற எழுத்தை வெளியிட்டார். செதுக்கியவர் பெஞ்சமின் ஃபொக்ஸ். அதற்கு முன்னர் அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு, விளம்பரத்துக்கென்று செய்த பெருந்தடிப்பு எழுத்துகளை எடுத்துச் செருகுவார்கள்; அவை பக்கத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். கிளாரெண்டன் வாசிப்பு எழுத்தோடு ஒரே வரியில் நின்று, அகராதியின் தலைச்சொல் போன்றவற்றைத் தூக்கிக்காட்டுவதற்காகவே வரையப்பட்டது. அதன் மெலிந்த வரை அவ்வளவு மெலியாது. பாதம் தடிப்பானது, நிமிர்வரையோடு வளைந்து சேரும். வடிவமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிடைத்த மூன்று வருடம் முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் அதைப் பார்த்துச் செய்துகொண்டன.

தமிழ்த் தடித்த எழுத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலம் போட வேண்டியிருந்தால் இந்தக் குடும்பமே கைகொடுக்கும். பொடோனி வகைத் தடித்த எழுத்தின் மயிரிழைக் கோடுகள் தமிழின் பக்கத்தில் ஒட்டாது, மலிவுக் கடதாசியில் அறுந்தும் போகும். தமிழிலும் அதே பாடம். ஓலையில் எழுத்தாணி கீறியது ஒரே தடிப்பான கோடு. தடிப்பு–மெலிவு உலோக அச்சோடுதான் நம் எழுத்தில் குடியேறியது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதிலிருந்து எழுத்தை வெட்டியவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் கைக்கு ஏற்ப வளைத்தார்கள். க, த, ச, ட எல்லாம் படுவரையை நம்பி நிற்கும் எழுத்துகள். படுவரையை மயிரிழையாக்கினால் எழுத்து இடுப்பொடிந்து போகும். மெலிந்த வரை தடித்த வரையில் பாதிக்குக் குறையாமல் இருப்பதே தமிழுக்கு நல்லது.

இங்கே பலகைகள் பெரும்பாலும் மும்மொழி. அம்பாறை மாவட்டத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் சமமாக நிற்க வேண்டும். எந்த மொழியும் மற்றதைவிட மெலிந்து தெரிந்தால் அது வெறும் வடிவமைப்புப் பிழையாக மட்டும் பார்க்கப்படாது. மூன்றுக்கும் ஒரே புள்ளி அளவைக் கொடுத்தால் சமமாக வராது. நிமிர்வரையின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து, மூன்றிலும் அது ஒன்றாக வரும்வரை அளவைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரம் தமிழ் ‘ப’வின் உயரத்துக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். நோட்டோ செரிஃப் குடும்பத்தில் மூன்று மொழிக்கும் எழுத்துரு இருப்பதால் 700 தடிப்பில் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காத்தான்குடி, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வலீமா (திருமண விருந்து) அழைப்பிதழ்களில் அரபு வரி தலையில் வரும். அரபுப் பேனாவின் தடிப்பு–மெலிவுக்குக் கீழே ஒரே தடிப்பான தமிழ் வெறுமையாகத் தெரியும். மரபான செரிஃப் தமிழ் நன்றாக இணங்கும்.

எதை எவ்வளவில்

மரண அறிவித்தலில் தடிக்க வேண்டியவை மூன்று: பெயர், கிரியை நடக்கும் இடம், நேரம். ஏ4 தாளில் ‘மரண அறிவித்தல்’ என்ற தலைப்பு 36 புள்ளி, பெயர் 60க்கும் 72க்கும் இடையில், ‘அமரர்’ பெயரின் பாதி அளவில் சாதாரண எழுத்தாக. உறவுமுறை விபரம் 16 அல்லது 18 புள்ளியில், தடிக்காமல். ‘அன்னாரின் இறுதிக்கிரியைகள்’ என்று தொடங்கும் வரியில் திகதியும் நேரமும் மட்டும் தடித்து வரட்டும். எல்லா உறவினர் பெயரையும் தடிக்கச் சொல்லி வீட்டார் கேட்பார்கள், துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாட முடியாது. பெயர்களைத் தடிக்காமல் ஒரு புள்ளி பெரிதாக்கிக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கோயில் விஞ்ஞாபனம் வேறு கதை. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தமோ, திருக்கோவில் சித்திரவேலாயுதர் கொடியேற்றமோ, காரைதீவு கண்ணகி அம்மன் குளிர்த்தியோ, விஞ்ஞாபனத்தில் வடவெழுத்து இல்லாமல் இராது. மஹோற்சவம், கும்பாபிஷேகம், ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும். பல தடித்த எழுத்துருக்களில் இந்த எழுத்துகள் அக்கறையில்லாமல் வரையப்பட்டிருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. இல்லாத எழுத்துக்குக் கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து ஒட்டுப்போடும். ‘மஹோற்சவ’த்தில் ஹகரம் மட்டும் மெலிந்து நிற்பது அதனால்தான். எழுத்துருவைத் தெரிவுசெய்ய முன்னர் ‘ஐ இ ண ஞ ழூ ளூ ஏ தே ரா ஹ ஷ க்ஷ ஸ்ரீ’ என்று ஒரு வரி அடித்து, பயன்படுத்தப்போகும் அளவிலேயே, பயன்படுத்தப்போகும் கடதாசியிலேயே ஒரு பிரதி எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

தொலைபேசி இலக்கத்தைப் பெயரைவிட ஒரு படி மெலிந்த தடிப்பில் போடுவது நல்லது. பெருந்தடிப்பில் 3, 6, 8 மூன்றும் ஒன்றாகத் தெரியும். ஓர் இலக்கம் பிழைத்தால் நோட்டீஸ் முழுக்க வீண்.

கறுப்பு அடியில் வெள்ளை எழுத்து கேட்டால் கணக்குத் திரும்பிவிடும். இப்போது மை பரவுவது எழுத்துக்குள்ளே. சுழி அடைவது குறையும், மெலிந்த வரைதான் அறுந்துபோகும். எனவே தடிப்பு–மெலிவு வேறுபாடு குறைந்த எழுத்தை எடுத்து, எழுத்திடைவெளியை மிகச் சிறிதளவு கூட்டுங்கள். கூடக் கூட்டினால் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அடிக் கறுப்பு தனிக் கறுப்பு மையிலேயே இருக்கட்டும். நான்கு மையைச் சேர்த்துக் கறுப்பாக்கினால் தாள் இம்மியளவு விலகினாலும் வெள்ளை வரையில் சிவப்பு, நீலக் கரை தெரியும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இது கூடும். மழைக்காலத்தில் அடுக்கி வைத்த கடதாசி ஈரத்தை விளிம்பால் உறிஞ்சி அலை அலையாக வளையும், இயந்திரத்துக்குள் நேராகப் போகாது. கட்டைப் பிரிக்காமல் வைத்து, அச்சிடும் அன்றைக்கே பிரிப்பது உதவும். அந்த மாதங்களில் மை காய்வதும் மெதுவாகத்தான். கறுப்பு இன்னும் ஆழமாக வரட்டும் என்று மையைக் கூட்டினால் சுழி அடைவதோடு மேல்தாளின் முதுகிலும் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்துரு முறை பற்றியும் ஒன்று. நம் பக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். ஆங்கில ‘எம்’மின் இடத்தில் அகரம். பழைய பேஜ்மேக்கரில் வேலை செய்ய அது தேவைப்பட்டது. ஆனால் அந்தக் கோப்பை வேறு எழுத்துருவுக்கு மாற்றிய உடனே ஆங்கிலக் குப்பையாகிவிடும், முகநூலில் ஒட்ட முடியாது, தேடவும் முடியாது. கோரல் ட்ரோ எக்ஸ்6இலிருந்து யுனிகோடு தமிழ் ஒழுங்காக அமரும். இன்டிசைனில் பந்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கொம்போசர்’ தெரிவை இட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் சரியாக வந்து நிற்கும். இடாவிட்டால் ‘கெ’யின் கொம்பு பின்னால் தொங்கும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியை மட்டும் வளைகோடுகளாக மாற்றி, எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் நாள் நினைவஞ்சலிக்கு அதே பெயர் திரும்பத் தேவைப்படும்.

பலகையும் கடற்காற்றும்

வீதிப் பலகையில் ‘ப’வின் உயரத்தை, வாசிக்க வேண்டிய தூரத்தின் ஒவ்வொரு 2 மீட்டருக்கும் 1 சென்ரிமீட்டர் என்று வைத்தால் வசதியாக வாசிக்கலாம். 3 மீட்டருக்கு 1 சென்ரிமீட்டர் என்பது கடைசி எல்லை. கல்லடிப் பிரதான வீதியில் எதிர்ப்பக்கத்திலிருந்து 20 மீட்டரில் வாசிக்க 10 சென்ரிமீட்டர் ‘ப’ வேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து வாசிக்க வேண்டுமென்றால் அதைப்போல ஒன்றரை மடங்கு. எழுத்துருப் பட்டியலில் காட்டும் புள்ளி அளவை நம்பாமல் ‘ப’வை மட்டும் அளந்துகொள்ளுங்கள். விசிறியும் ஊகாரச் சுற்றும் சேர்ந்து வரும் முழு உயரம் அதைப்போல இரு மடங்கு வரை போகும், பலகையின் உயரத்தை அதற்கேற்ப எடுக்க வேண்டும்.

ஃபிளெக்ஸ் பெனரில் வெயில் முதலில் தின்பது மஞ்சளையும் சிவப்பையும். கறுப்பும் நீலமும் பிந்தித்தான் வெளிறும். முக்கியமான எழுத்தைச் சிவப்பில் போட்டால் சில மாதத்தில் பின்னணி நிற்கும், எழுத்து போய்விடும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதென்றால் 2 மில்லிமீட்டருக்கு மெலிந்த வரை உரியும்போதே கிழியும், ஒட்டினாலும் ஓரம் தூக்கும். ஆகவே செரிஃப் எழுத்தில் மெலிந்த வரையை அளந்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும்.

அக்ரிலிக்கிலோ அலுமினியத்திலோ தனித்தனி எழுத்தாக வெட்டிப் பொருத்தும் பலகையில், எழுத்தோடு ஒட்டாத சிறு துண்டு புள்ளி ஒன்றுதான். ‘க’வுக்கு நான்கு இடத்தில் பசையும் ஆணியும் இருக்கும். புள்ளிக்கு நடுவில் ஒரு சொட்டுப் பசை. உப்புக்காற்றும் வெயிலும் மாறி மாறி அடிக்கும்போது முதலில் விழுவது அதுதான், ‘ஸ்டோர்ஸ்’ மெல்ல மெல்ல ‘ஸடோரஸ’ ஆகிவிடும். இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. புள்ளியின் முதுகில் துளையிட்டு, 3 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைச் செருகி, பலகையைத் துளைத்துப் பின்னால் மரை பூட்டுவது ஒன்று. பசை செத்தாலும் கம்பி பிடித்திருக்கும். மற்றது, எழுத்துகளை வெட்ட முன்னரே புள்ளிகளை மட்டும் பலகையில் நேரடியாக வண்ணத்தால் அடித்துவிட்டு, மற்ற வரைகளைப் புடைப்பாகப் பொருத்துவது. பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி தட்டையாகத் தெரியும்; வீதியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. செலவு குறைய வேண்டுமென்றால் இரண்டாவதே போதும். வண்ணத்தின் நிறம் அக்ரிலிக்கின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் வெயிலில் வைத்துப் பார்த்து எடுங்கள். கடைக்குள் இருக்கும் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.